முக்தி இல்லம் கண்ட மாதரசி
(பண்டித ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கை)

இயேசு பெருமானின் திருப்பெயரைச் சொல்வோர் இவ்வுலகில் கோடிக்கணக்கில் உளர். ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்வோரும், கிறிஸ்து பிறப்புத் திருநாளில் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்குத் தொங்கவிடுவோரும் எங்கும் உண்டு. நம் காலனியிலும் உண்டு. ஆயினும் பெயர் சொல்வது வேறு. பின்பற்றி நடப்பது வேறு. ஒரு குருவின் அடியார் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர், அக்குரு சொன்னதை அடுக்களையிலும் அலுவலகத்திலும் கடைவீதியிலும் கைக்கொள்கிறாரா என்பதே கேள்வி. இக்கேள்வி கிறிஸ்தவ அன்பர்களுக்கு மட்டும் உரியதன்று. சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே சுவரின் இருபுறமும் குடியிருந்து, ஒரே சங்கத்தில் கூடி மகிழும் நம் போன்றோர் அனைவருக்கும் உரியதே.

இக்கேள்விக்கு ஏட்டில் விடை தேடுவதைக் காட்டிலும் ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையில் தேடுவது எளிது. அவ்வாறு வாழ்ந்து காட்டியவர் பண்டித ரமாபாய் அம்மையார். புனேயிலிருந்து சோலாப்பூர் மார்க்கமாகச் செல்லும் இருப்புப் பாதையில், தௌண்டு சந்திப்பை அடைவதற்கு முன் கேட்காவ் என்றொரு சிறிய நிலையம் உண்டு. அந்நிலையத்தின் பெயரை உலகின் பல நாடுகள் அறியும்படி செய்தவர் அவ்வம்மையார். அவருடைய சரிதத்தை இம்மலரில் சுருக்கமாகக் கூற முற்படுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையின்கண் உள்ள கங்காமூலம் என்னும் காட்டில் பிறந்தார். இஃது இன்றைய கருநாடக மாநிலத்தில் உள்ளது. தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, சித்பாவன அந்தணர். வடமொழிக் கடலைக் கரைகண்டவர். தாயார் இலட்சுமிபாய். பெண்கள் வடமொழி கற்கலாகாது என்று பலரும் கருதியிருந்த அக்காலத்தில், அனந்த சாஸ்திரியார் தம் மனைவிக்கு அதனைக் கற்பித்தார். அதற்காகப் பண்டிதர்கள் அவரைக் கேள்வி கேட்டபோது, சாத்திரங்களிலிருந்தே சான்று காட்டித் தம் செயல் தவறன்று என்று நிலைநாட்டினார். ஆயினும் ஊரார் வெறுப்புத் தணியாமையால், மனைவியாருடன் காட்டிற் சென்று குடிசை அமைத்து வாழ்ந்தார் என்பர்.

குழந்தை ரமாபாய்க்கு ஆறு மாதம் ஆகும் முன்னரே குடும்பம் வறுமையுற்று யாத்திரை புறப்பட்டது. பிரம்புக் கூடையில் வைத்துக் குழந்தையைச் சுமந்து சென்றனர். ஊர் ஊராகச் சென்று கோயில்களிலும் குளக்கரைகளிலும் புராணம் வாசிப்பதே அவர்களுடைய தொழில். கேட்போர் அளிக்கும் அரிசியும் காசுமே வாழ்வு. தந்தையார் முதுமையெய்தி விட்டமையால், வைகறையில் மகளை எழுப்பிப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் தாயாரே. மூத்த மகளுக்குச் சிறு வயதில் செய்வித்த மணம் துன்பமாய் முடிந்தமையால், இளையவளுக்கு அவ்வாறு செய்வதில்லை என்று பெற்றோர் உறுதி பூண்டனர். அதனால் ரமாபாய் பதினாறு வயதிலும் மணமாகாதவராய், பாகவத புராணத்தை மனப்பாடமாக ஓத வல்லவராய் விளங்கினார்.

பஞ்சம் தந்த படிப்பினை

1870-களில் அன்றைய சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. நம் பாட்டன்மார் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கிய காலமும் அதனை ஒட்டியதே. கையிலிருந்த பொருளெல்லாம் தான தருமங்களிலும் யாத்திரைகளிலும் செலவாகிவிட, அக்குடும்பம் உண்ண உணவின்றித் தவித்தது. உடலுழைப்புச் செய்து பழக்கமில்லை. பிச்சை எடுக்க மானம் இடந்தரவில்லை. இலை தழைகளையும் நீரையும் உட்கொண்டு பல நாள் கழித்தனர். முதலில் தந்தையார் மறைந்தார். சில வாரங்களில் தாயாரும் மறைந்தார். பிறகு தமக்கையாரும் மறைந்தார்.

தாயாரின் உடலைச் சுடுகாட்டிற்கு எடுத்துச் செல்ல ஆள் கிடைக்கவில்லை. அரிதின் முயன்று இருவர் உதவ முன்வந்தனர். தமையனார் ஸ்ரீநிவாசர் மூன்றாமவர். பாடையின் நான்காவது முனையை ரமாபாயே தாங்கினார். அவர் குட்டையான உருவினர் ஆகையால், தோளில் வைத்தால் பாடை சாயும் என்று தலைமேல் வைத்துச் சுமந்தார். பெற்ற தாயின் உடலைத் தலையிற் சுமந்த அப்பெண், பின்னாளில் ஆயிரக்கணக்கான அனாதைப் பெண்களின் பாரத்தைச் சுமக்கப் போகின்றார் என்பதை அன்று யார் அறிவார்?

அண்ணனும் தங்கையும் பெரும்பாலும் கால்நடையாகவே வட இந்தியா முழுவதும் சுற்றி, 1878-இல் கல்கத்தா சேர்ந்தனர். இருபது வயதுப் பெண் வடமொழியில் தடையின்றிச் சொற்பொழிவாற்றுவதைக் கண்டு அந்நகரத்து அறிஞர்கள் வியந்தனர். அவரைச் சோதித்துப் பார்த்து, பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டமளித்துப் போற்றினர். பிரம சமாசத் தலைவர் கேசவ சந்திர சேனர் அவருக்கு வேத நூல் ஒன்றை அளித்துப் படிக்கச் செய்தார். ரமாபாய் தரும சாத்திரங்களை ஆழ்ந்து பயின்றார். பயிலப் பயில, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் வீடுபேற்றின் வாயில் ஏன் இத்துணைக் குறுகலாய் வைக்கப்பட்டிருக்கின்றது என்னும் ஐயமே அவர் உள்ளத்தில் வளர்ந்தது.

மணமும் கைம்மையும்

1880-இல் தமையனாரும் டாக்காவில் காலமானார். அவ்வாண்டிலேயே ரமாபாய், விபின் பிஹாரி தாஸ் மேதாவி என்னும் வங்காளி வழக்கறிஞரை மணந்தார். அவர் அந்தணர் அல்லர். குலம் கடந்த அத்திருமணம் சட்டப்படி பதிவுத் திருமணமாக நடந்தது. இருபுறத்து உறவினரும் விலகி நின்றனர். அசாம் பகுதியைச் சேர்ந்த சில்சாரில் இருவரும் இல்லறம் நடத்தினர். அங்கே கணவரின் புத்தக அலமாரியில் ரமாபாயின் கைக்கு ஒரு சிறு நூல் அகப்பட்டது. அது வங்க மொழியில் அச்சிட்ட லூக்காவின் நற்செய்தி. அதனை அவர் விருப்பத்துடன் படித்தார். கணவரோ கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவரெனினும், மனைவி அம்மதத்தில் நாட்டம் கொள்வதை விரும்பவில்லை.

1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவர் வாந்திபேதி நோயால் திடீரென மாண்டார். இருபத்து மூன்று வயதில், கைக்குழந்தையுடன், குலத்தாரும் ஏற்காத கைம்பெண்ணாக ரமாபாய் நின்றார். அக்காலத்தில் கைம்பெண்ணின் நிலை யாது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் குடும்பங்களிலேயே கொள்ளுப்பாட்டிகளின் கதைகள் இருக்கும்.

ரமாபாய் மூலையில் முடங்கவில்லை. புனே சென்று, அவ்வாண்டிலேயே ஆரிய மகளிர் சமாசத்தை நிறுவினார். கல்வி நிலையை ஆராய வந்த ஹண்டர் குழுவின் முன் சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டுமென வலியுறுத்தினார். பெண்களின் ஒழுக்கம் பற்றி மராத்தியில் ஒரு நூல் எழுதினார். அந்நூல் விற்ற பணத்தைக் கொண்டு, மருத்துவம் கற்கும் நோக்கத்துடன் 1883-இல் மகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

ஒரு கேள்வியும் அதன் விடையும்

இங்கிலாந்தில் வான்டேஜ் என்னும் ஊரில் உள்ள கன்னியர் மடத்தில் தங்கினார். அங்கே கேட்புத்திறன் குறைந்தமையால் மருத்துவப் படிப்பு இயலாதென முடிவாயிற்று. நினைத்து வந்தது கைகூடவில்லை. ஆனால் நினையாத ஒன்று நிகழ்ந்தது.

அக்கன்னியர் இலண்டனைச் சார்ந்த புல்ஹாமில் ஓர் இல்லம் நடத்தி வந்தனர். நெறி தவறியவர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களுக்கான இல்லம் அது. ரமாபாய் அங்குச் சென்று பார்த்தார். நல்ல குடியிற் பிறந்த மாதர்கள், ஊரார் ஏறெடுத்தும் பாராத அப்பெண்களைத் தம் உடன்பிறந்தாரைப் போல் நடத்துவதைக் கண்டு திகைத்தார். இத்தகைய பெண்களை வெறுத்து விலக்குவதையே அதுவரை அவர் கண்டிருந்தார். இதற்குக் காரணம் யாது என்று ஒரு கன்னியரை வினவினார். அவர், கிணற்றடியில் இயேசு பெருமான் சமாரியப் பெண்ணைச் சந்தித்த வரலாற்றை எடுத்துரைத்தார். ஐந்து கணவர் கொண்டவளும் அயலினத்தாளுமாகிய அவளிடம் இயேசு தண்ணீர் கேட்டதும், அருவருக்காமல் அவளுடன் ஆன்மிக உண்மைகளைப் பேசியதும் ரமாபாயின் உள்ளத்தைத் தொட்டன. இவரே பெண்ணினத்தை உயர்த்த வல்லவர் என்று தெளிந்தார். முன்னர்க் கிறிஸ்தவரான நெகேமியா கோரே என்னும் மராட்டிய அறிஞரின் எழுத்தும் அவருக்குத் துணை செய்தது. 1883 செப்டம்பர் 29-ஆம் நாள் தாயும் மகளும் திருமுழுக்குப் பெற்றனர்.

சொற்போரில் பண்டிதர் சபையையே வென்றவரை இறுதியில் வென்றது தருக்கம் அன்று, தாழ்ந்தோர்க்குச் செய்த தொண்டே என்பது ஈண்டு நாம் கருதத்தக்கது.

ஆயினும் ரமாபாய் எவர்க்கும் தலையாட்டும் பொம்மையாக இருக்கவில்லை. மேனாட்டு உடையையும் உணவையும் ஏற்கவில்லை. மரக்கறி உணவையே உண்டார். செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் டோரதியா பீல் அம்மையாரிடம் பயின்றவாறே வடமொழியும் கற்பித்தார். அங்கே ஆடவர்க்குப் பாடம் சொல்லலாகாது என்று பேராயர்கள் தடை சொன்னபோது, பணிவுடனும் உறுதியுடனும் மறுத்துரைத்தார். சிலுவையில் இலத்தீன் சொற்கள் எதற்கு, நம் நாட்டு மக்கள் அறிந்த வடமொழியில் பொறிக்கலாகாதா என்று கேட்டார். கிறிஸ்துவின் சீடராவதற்கு ஆங்கிலேயராக மாற வேண்டுவதில்லை என்பதே அவர் கொள்கை.

1886-இல், உறவினரான ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெறுவதைக் காண அமெரிக்கா சென்றார். அங்கே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தங்கி, நகரந்தோறும் சொற்பொழிவாற்றினார். உயர்குல இந்துப் பெண்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1887-இல் வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் பாஸ்டனில் ரமாபாய் சங்கம் அமைந்தது. இந்தியாவில் அவர் நிறுவ எண்ணிய பள்ளிக்குப் பத்தாண்டுக் காலம் பொருளுதவி செய்வதாக அன்பர்கள் உறுதியளித்தனர்.

சாரதா சதனமும் சோதனையும்

தாயகம் திரும்பிய அம்மையார் 1889 மார்ச் 11-ஆம் நாள் பம்பாயில் சாரதா சதனத்தைத் திறந்தார். தொடக்கத்தில் இருந்த மாணவியர் இருவரே. அவருள் ஒருவர் கோதுபாய் என்னும் இளங்கைம்பெண். பின்னாளில் மகளிர் கல்விக்குத் தம்மை ஈந்த தோண்டோ கேசவ கார்வே அவர்கள் 1893-இல் மணந்துகொண்டது இந்தக் கோதுபாயைத்தான். அடுத்த ஆண்டே சதனம் புனேக்கு மாறிற்று. நீதிபதி ரானடே, அறிஞர் பண்டார்கர் முதலிய பெரியோர் ஆலோசனைக் குழுவில் இருந்து துணை நின்றனர். அந்தணப் பெண்கள் தங்கள் ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் தடையில்லை. மதம் போதிப்பதில்லை என்பது ஏற்பாடு.

1893-இல் சோதனை வந்தது. ரமாபாய் நாள்தோறும் தம் அறையில் மகளுடன் அமர்ந்து இறைவனை வேண்டுவார், அறைக்கதவு திறந்திருக்கும். மாணவியர் சிலர் தாமாகவே வந்து அமரத் தொடங்கினர். செய்தி ஊரெங்கும் பரவியது. கேசரி முதலிய இதழ்கள் கண்டித்தன. ஆலோசனைக் குழுவினர் விலகினர். இருபதுக்கு மேற்பட்ட மாணவியரைப் பெற்றோரும் காப்பாளரும் திரும்ப அழைத்துச் சென்றனர்.

இவ்விடத்தில் இருதரப்பையும் எண்ணிப் பார்த்தல் நலம். பெற்றோரின் அச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. மதம் மாற்றப்பட மாட்டார்கள் என்னும் நம்பிக்கையில்தான் அவர்கள் பெண்களை அனுப்பினர். ரானடே போன்ற சான்றோர் விலகியதும் பகைமையால் அன்று. தாம் ஊராருக்குக் கொடுத்த வாக்கைக் கருதியே ஆகும். மறுபுறம், ரமாபாய் எவரையும் அழைக்கவில்லை; வகுப்பறையில் போதிக்கவுமில்லை. தம் வீட்டில் தாம் வழிபடுவதை ஒளித்துச் செய்ய மட்டும் அவர் இசையவில்லை. கதவைச் சாத்தியிருந்தால் பணமும் புகழும் பெரியோர் நட்பும் நிலைத்திருக்கும். அவர் சாத்தவில்லை. அதற்குரிய விலையைக் கொடுத்தார். பல ஆண்டு நண்பர்களை இழந்தார். சில ஆண்டுகளின் பின் அவர் நிறுவிய முக்தி இல்லமோ வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லமாக இயங்கிற்று. இதுபற்றி அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் உண்டு. அவர் மறைத்துச் செய்தவர் என்று சொல்ல மட்டும் எவராலும் இயலாது.

இக்காலத்தில்தான் அவருடைய அகவாழ்விலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1883-இல் திருமுழுக்குப் பெற்றபோது தாம் அடைந்தது கிறிஸ்துவின் மதத்தையே என்றும், கிறிஸ்துவையே அடைந்தது ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே என்றும் அவர் தம் ஆன்மிக வரலாற்றில் எழுதியிருக்கின்றார். நூலறிவால் ஒரு நெறியை ஏற்பது ஒரு படி. அந்நெறியின் தலைவரிடம் தம் வாழ்வை ஒப்புவிப்பது அடுத்த படி. இரண்டிற்கும் இடையே எட்டாண்டு தேவைப்பட்டதென்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாரே, அஃதே அவருடைய நேர்மைக்குச் சான்று.

கேட்காவில் முக்தி

1896-97-இல் மத்திய மாகாணங்களில் பெரும் பஞ்சம் பரவியது. செய்தி கேட்ட ரமாபாயின் மனக்கண்முன், காட்டில் இலை தின்று கிடந்த தம் குடும்பம் வந்து நின்றது. உடனே புறப்பட்டுச் சென்றார். சாலையோரங்களிலும் பஞ்ச நிவாரண முகாம்களிலும் எலும்பும் தோலுமாய்க் கிடந்த இளம் பெண்களைக் கண்டார். ஆதரவற்ற அவர்களை விலைக்கு வாங்கிச் சீரழிக்கும் கயவர்கள் உலவுவதையும் கண்டார். முந்நூறு பேர் அளவிற்கு அழைத்துவந்தார். இத்தனை பேருக்குச் சோறிடப் பணம் எங்கே என்று கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பாஸ்டன் அன்பர்களின் உதவி சாரதா சதனத்திற்கு மட்டுமே உரியது. ஆகவே இவர்களுக்கு இறைவனையும் இரக்கமுள்ளோரையும் நம்பியே காரியத்தில் இறங்கினார்.

அச்சமயம் புனேயில் பிளேக் நோய் பரவியிருந்தது. நகருக்குள் புதியவர்களைக் கொண்டுவரத் தடை. முன்னரே கேட்காவில் பண்ணைக்காக அவர் நிலம் வாங்கியிருந்தது இப்போது கைகொடுத்தது. வெற்று நிலத்தில் கூடாரங்களும் கொட்டகைகளும் எழுந்தன, கிணறுகள் வெட்டப்பட்டன. அவ்விடத்திற்கு முக்தி எனப் பெயரிட்டார். விடுதலை எனப் பொருள்படும் அச்சொல், நம் நாட்டார் அனைவரும் அறிந்த சொல்லன்றோ? 1900-இல் குஜராத்தில் பஞ்சம் வந்தபோது மேலும் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். இல்லத்தில் இருந்தோர் தொகை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆயிற்று.

இரண்டாயிரம் பேருக்கு நாள்தோறும் உணவளிப்பது என்றால் எத்தகைய காரியம் என்பதை, நூறு பேருக்குச் சங்க விருந்து சமைக்கப் படும் பாட்டை அறிந்த நம் அன்பர்கள் எளிதில் உணர்வார்கள். வந்த பெண்களுள் பலர் நோயாளிகள்; புண்ணும் பேனும் நிறைந்தவர்கள்; பசியால் அறிவு மழுங்கியவர்கள். களவும் வசவும் சிலருக்கு வழக்கமாகியிருந்தது. அவர்களைக் குளிப்பாட்டி, மருந்திட்டு, எழுத்தறிவித்துப் பேணும் பணியில், முன்னர் வந்து தேறிய பெண்களே பின்னர் வந்தவர்களுக்குத் தாயாயினர்.

சோறிட்டுச் சும்மா இருத்தி வைக்கவில்லை. பயிர்த்தொழில், பால்பண்ணை, நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், கூடை முடைதல், நோயாளர் பராமரிப்பு, ஆசிரியப் பயிற்சி, அச்சுத்தொழில் என ஒவ்வொருவருக்கும் ஒரு கைத்தொழில் கற்பிக்கப்பட்டது. இனி யாரிடமும் கையேந்தாமல் வாழ வேண்டும் என்பதே நோக்கம். பஞ்ச காலத்தில் ஏட்டுக்கல்வி மட்டும் கற்ற தம் குடும்பம் கையால் உழைக்க அறியாமல் மாண்டதை அவர் மறக்கவில்லை. மனோரமா புடைப்பெழுத்து முறையைக் கற்றுவந்து பார்வையற்ற பெண்களுக்குக் கற்பித்தார். அவர்களுள் சிலர் பின்னர்த் தாமே ஆசிரியராயினர். வழி தவறிய பெண்களுக்கெனக் கிருபா சதனம் என்னும் தனி இல்லம் அமைந்தது. புல்ஹாமில் கண்ட காட்சி கேட்காவில் மலர்ந்தது எனலாம்.

பிறர் பணத்திற்குக் கணக்குக் காட்டுவதிலும் அவர் கண்டிப்பானவர். பத்தாண்டுக் கெடு முடிந்ததும் 1898-இல் அமெரிக்கா சென்று பாஸ்டன் சங்கத்தாரிடம் பொறுப்பை ஒப்புவித்த பின்னரே அடுத்த ஏற்பாட்டைச் செய்தார். அரசாங்கத்திற்கும் அஞ்சவில்லை. 1897-இல் புனேயின் பிளேக் மருத்துவமனையிலும் முகாம்களிலும் பெண்களுக்குத் தக்க பாதுகாப்பில்லை என்று பம்பாய்ப் பத்திரிகையொன்றில் பெயரிட்டே எழுதினார். ஆள்வோரும் தம் மதத்தினரே என்பதனால் வாய்மூடி இருக்கவில்லை.

எளியோர் மொழியில் வேதம்

அம்மையாரின் இறுதிக் காலப் பெரும்பணி, வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தது. அதுவரை வழங்கிய மராத்தி வேதாகமம் வடசொற்கள் மலிந்து, படித்தவர்க்கே விளங்குவதாய் இருந்தது. முக்தியில் இருந்த உழவர் வீட்டுப் பெண்களுக்கு அது விளங்கவில்லை. ஆகவே தாமே எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூலத்திலிருந்தே மொழிபெயர்க்கலானார். பாரத நாட்டின் தலைசிறந்த வடமொழிப் பண்டிதர்களுள் ஒருவரான அவர், எளிய கிராமத்துச் சொற்களைத் தேடித் தேடி எடுத்தாண்டார். தம் புலமையைக் காட்டுவதற்கு வாய்த்த அருஞ்சந்தர்ப்பத்தில் அப்புலமையை மறைத்துக்கொண்டார்! பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இப்பணி நடந்தது. எழுத்துக் கோத்ததும் அச்சிட்டதும் முக்தியின் பெண்களே. பஞ்சத்தில் சாகக்கிடந்து மீண்டவர்களும் அவர்களுள் உண்டு. முழு நூல் அவர் மறைவுக்குப் பின் 1924-இல் வெளிவந்தது.

1919-இல் அரசாங்கம் அவருக்குக் கைசர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தது. இரண்டாண்டில் இடி விழுந்தது. அன்னையின் வலக்கையாக இருந்தவரும், முக்தியின் பொறுப்பை ஏற்பார் என எல்லாரும் எதிர்பார்த்திருந்தவருமான மனோரமா 1921 ஜூலையில் நாற்பதாம் வயதில் காலமானார். தந்தை, தாய், தமக்கை, தமையன், கணவர் என அனைவரையும் இழந்தவருக்கு எஞ்சியிருந்த ஒரே உறவும் போயிற்று. அம்மையார் அழுதிருப்பார், ஆனால் வேலையை நிறுத்தவில்லை. அச்சுப்படிகளைத் திருத்தியவாறே இருந்தார். 1922 ஏப்ரல் 5-ஆம் நாள், கேட்காவில் தம் அறுபத்து மூன்றாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

1989-இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றும் கேட்காவில் தொண்டாற்றி வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து, இயேசுவைப் பின்பற்றுதல் யாது என்னும் கேள்விக்கு விடை கிடைக்கின்றதன்றோ? தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படாமல் காப்பது, ஊரார் ஒதுக்கியவரை உடன்பிறந்தாராய் நடத்துவது, நம்புவதை ஒளிக்காதிருப்பது, பிறர் காசுக்குக் கணக்கு வைப்பது, தவற்றைத் தம்மவர் செய்தாலும் எடுத்துச் சொல்வது, கற்றதைக் கல்லாதார்க்கு விளங்கும்படி வழங்குவது. இவற்றுள் எதற்கும் ஆலய மணி அடிக்கும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

நாம் இரண்டாயிரம் பேருக்குச் சோறிட இயலாது. பஞ்சம் நடந்த ஊருக்குப் புறப்பட்டுப் போகவும் நமக்கு விடுப்புக் கிடைக்காது. ஆனால் அலுவலகத்தில் கோப்புகளோடு உழலும் நம்மிடம், கணவனை இழந்த ஒரு பெண் குடும்ப ஓய்வூதியத்திற்காகக் கையில் காகிதங்களுடன் வந்து நிற்கின்றாள். எந்தப் படிவம், எந்தச் சான்று, எந்த மேசை என்று அவளுக்குத் தெரியாது. அவளை நாளை வா என்று அனுப்புவதும், ஒரு நாற்காலி தந்து அமரச் செய்து அப்படிவத்தை நிரப்பித் தருவதும் நம் கையில்தான் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. அவளுக்கோ ஐந்து மாதத்து அலைச்சல் மிச்சம். கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் அமர்ந்து பேசிய பெருமானின் வழி நம் மேசையடியிலும் தொடங்கக் கூடியதே.

நம் காலனியிலும் மாடிப்படியின் கீழ்த் தனித்து வாழும் முதியவர் இருப்பார். நம் வீட்டுப் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் மகள் பள்ளியை நிறுத்தியிருப்பாள். யாரும் பேசாமல் ஒதுக்கி வைத்த குடும்பம் ஒன்று இருக்கும். மொழி தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்த நாம், ஆதரவில்லாமை இன்னதென்று ஓரளவு அறிவோம். ரமாபாய் அம்மையார் தம் பஞ்ச காலத்தை மறவாதது போல, நாமும் முதன்முதலில் பெட்டி படுக்கையுடன் இவ்வூர் நடைமேடையில் இறங்கிய நாளை மறவாதிருப்போமாக. அந்நினைவு ஒன்று போதும், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு.